பஸ்ஸிலும் ரயிலிலும் பத்திரமாகப் போய்வர: தங்கைக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி இது: "என் தங்கைக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. தினமும் ஒரு பஸ், ஒரு மெட்ரோ என்று மாறிப் போக வேண்டும். வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடுக்கலாமா? வேறு என்னவெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும்? அப்பாவும் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போகிறார், அவருக்கு எழுபது வயது."

பெப்பர் ஸ்பிரே விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பஸ்ஸும் ரயில் பெட்டியும் மூடிய இடங்கள். அங்கே அடித்தால் அடித்தவர் கண்ணும் சேர்ந்துதான் எரியும். பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். என்ன நடந்தது என்றே தெரியாத ஐம்பது பேர் கதவைப் பார்த்து ஓடுவார்கள். சில நாடுகளில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். அனுமதி இருக்கிற இடத்திலும், பையின் அடியில் சாவிக்கொத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே கிடக்கிற ஸ்பிரே, வேண்டிய நொடியில் கைக்கு வராது. வாங்கித்தான் தீருவேன் என்றால், ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்கிற தூரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பல வருடங்கள் ரயில் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேமராத் திரைகளைப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலான நாடுகளின் கணக்கில், அதே தூரத்தை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ போவதைவிட பஸ்ஸும் ரயிலும் எவ்வளவோ மேல். நான் திரையில் பார்த்த விபத்துகளில் ஏறக்குறைய எல்லாமே ஓரங்களில் நடந்தவை: நடைமேடையின் விளிம்பு, கதவு, படி, இறங்கிய பிறகு சாலையைக் கடக்கிற பத்து அடி. அதனால் அறிவுரை என்று நான் சொல்வதெல்லாம் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். மற்ற நேரத்தில் உங்கள் தங்கை நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகட்டும்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் தங்கைக்கு நாலு வரி, அப்பாவுக்கு ஒரு வரி. நான் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் அடிபட வாய்ப்பு அதிகம் உள்ளவர் அவர்தான்.

வயதானவர்கள் பஸ்ஸில் காயப்படுவதற்கு பஸ் எதன்மீதும் மோத வேண்டியதில்லை. டிரைவர் ஒரு சடன் பிரேக் போட்டால் போதும். டிக்கெட்டை உள்ளே வைக்கிறேன் என்று கம்பியை விட்ட நொடி, சீட்டை நோக்கி நடக்கும்போது வண்டி எடுத்த நொடி, அடுத்த ஸ்டாப் நம்முடையது என்று முன்கூட்டியே எழுந்து கதவுக்கு வந்து நின்ற நொடி: விழுவது இந்த மூன்றில்தான். எழுபது வயதில் அப்படி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

ஆகவே அவரிடம் சொல்லுங்கள்: ஏறியதும் கிடைக்கிற முதல் சீட்டில் உட்காரட்டும். ஜன்னல், காற்று, பழகிய இடம் என்று தேடிப் பின்னால் நடக்க வேண்டாம். "நான் உட்கார்ந்துக்கறேன், அப்புறம் எடுங்க" என்று டிரைவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான டிரைவர்கள் காத்திருப்பார்கள். முன்னால் கம்பியோ வேறு சீட்டோ இல்லாத இருக்கையைத் தவிர்க்கட்டும், பிரேக் போட்டால் தடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. சக்கரத்துக்கு மேலே உயர்த்திப் போட்ட சீட்டும் வேண்டாம், ஏறி இறங்கவே அங்கே ஒரு கூடுதல் படி இருக்கும். இறங்கும்போது வண்டி முழுதாக நின்ற பிறகே எழட்டும். வண்டி கிளம்பிவிடும் என்ற பயம்தான் பெரியவர்களை அவசரப்படுத்துகிறது. மணியை அடித்துவிட்டு, நின்றதும் "இறங்கணும்" என்று உரக்கச் சொன்னால் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும், அதோடு ஆடுகிற வண்டியில் நிற்க முடியாது.

மூக்குக்கண்ணாடி பற்றியும் கேட்டுப் பாருங்கள். மேலே தூரப் பார்வைக்கும் கீழே படிப்பதற்குமாக ஒரே கண்ணாடி போட்டிருந்தால், குனிந்து படியைப் பார்க்கும்போது கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பார், படி மங்கலாகத் தெரியும். தலையை நன்றாகத் தாழ்த்தி, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழக வேண்டும். படியில் பலர் தடுமாறுவதற்குக் கால் பலவீனத்தைக் காரணம் சொல்வார்கள், விசாரித்தால் கண்ணாடியாக இருக்கும்.

நின்றுகொண்டு போக வேண்டி வந்தால், வண்டி போகிற திசையைப் பார்த்து நிற்காமல் பக்கவாட்டில், ஜன்னலைப் பார்த்து, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிற்பது நல்லது. வண்டி நம்மைத் தள்ளுவது முன்னும் பின்னும்தான், அந்தத் திசையில் கால்கள் அகலமாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவருக்கு நான் என்ன சொல்ல? ஒரு தோள்பை வாங்கிக் கொடுங்கள், பெப்பர் ஸ்பிரேயைவிட அது உபயோகம்.

இறங்கிய பிறகு நடப்பது தங்கைக்கும் சேர்த்து. படியிலிருந்து கால் வைப்பதற்கு முன் பின்பக்கம் ஒரு பார்வை. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைந்து வருகிற இரு சக்கர வண்டிக்காரர் நம்மை எதிர்பார்த்திருக்க மாட்டார். நின்ற பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்கவே கூடாது. டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து, வண்டியின் முகத்தை ஒட்டி நடப்பவர் அவருக்குத் தெரியாமல் போகலாம். பஸ்ஸைத் தாண்டி வேகமாக வருகிற காருக்கோ நீங்கள் பஸ்ஸின் மறைவிலிருந்து திடீரென முளைத்தவர். பஸ் போகட்டும், சாலை இரு பக்கமும் தெரியட்டும், பிறகு கடக்கலாம். ஸ்டாப்பில் நிற்கும்போதும் நடைபாதை விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளியே நிற்க வேண்டும். நீளமான பஸ் ஸ்டாப்பைவிட்டு வெளியே திரும்பும்போது, பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி எதிர்ப்பக்கமாக, அதாவது நீங்கள் நிற்கிற பக்கமாக, வீசி வரும். முகத்தைத் தாண்டிப் போன வண்டி முதுகால் இடிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

இனி நடைமேடை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

விளிம்புக்கு அருகே மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஓடு பதித்திருப்பார்கள். பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்காக ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கியது அது. முதலில் 1967ல் ஒகயாமா நகரத்தில் ஒரு சாலையோரத்தில் பதித்தார்கள், இன்று உலகம் முழுக்க இருக்கிறது. கண் தெரிகிற நமக்கும் அதுவே எல்லை. அதற்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். கூட்டம் அதிகமானால் சுவரையோ தூணையோ முதுகுக்கு வைத்து நிற்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து வருகிற தள்ளு, வேண்டுமென்று தள்ளினாலும் தெரியாமல் தள்ளினாலும், அப்போது உங்களை விளிம்புக்குக் கொண்டுபோகாது.

விளிம்பில் விழுகிறவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று ஜப்பானின் ஜேஆர் வெஸ்ட் ரயில் நிறுவனம் தன் கேமராப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தது. குடித்தவர்கள் விளிம்போரமாகத் தள்ளாடி நடந்து தவறி விழுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதிவுகளில் தெரிந்தது வேறு. பலர் பெஞ்சில் அசந்து உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டென எழுந்து, முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கமாக நேராக நடந்து தண்டவாளத்தில் விழுந்திருந்தார்கள். உடனே அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான வேலை: தண்டவாளத்தைப் பார்த்திருந்த பெஞ்சுகளை 90 டிகிரி திருப்பிப் போட்டார்கள். எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடிக்கும். குடிக்காதே என்று பலகை வைப்பதைவிட பெஞ்சைத் திருப்புவது மேல். நமக்கும் அதில் பாடம் உண்டு. இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை, ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து நடக்காமல், எழுந்து நின்று ஒரு மூச்சு விட்டுவிட்டு நடக்கட்டும். போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்களும் என் கணக்கில் அரைப்போதைக்காரர்கள்தான்.

போன் கீழே தண்டவாளத்தில் விழுந்தால்? விழுந்தது விழுந்ததுதான். ஒருமுறை திரையில் ஓர் இளைஞர் சாதாரணமாகக் குதித்து இறங்கிப் போனை எடுத்தார். எடுத்துவிட்டார். ஏறத்தான் முடியவில்லை. நடைமேடை கிட்டத்தட்ட மார்பளவு உயரம், பிடித்து ஏற ஒன்றும் கிடையாது, கீழே கால் வைக்கிற இடமெல்லாம் சரளைக் கல். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ரயில் வர ஒன்றரை நிமிடம் இருந்ததால் நான் இதைக் கதையாகச் சொல்கிறேன். நிலைய ஊழியரிடம் சொன்னால், நீண்ட கோல் வைத்து எடுத்துத் தருவார்கள். அதோடு மெட்ரோக்கள் பலவற்றில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 600 முதல் 750 வோல்ட் வரை மின்சாரம் இருக்கும். மேலே கம்பி உள்ள ரயில் பாதைகள் பலவற்றில் 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே பாய்ந்துவிடும். ரயில் கூரைமேல் ஏறிப் படம் எடுக்கப் போய் எரிந்தவர்களில் பலர் கம்பியைத் தொட்டதே இல்லை.

மனிதர் விழுந்தால் குதிக்காதீர்கள் என்று சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றும். 2001 ஜனவரி 26 அன்று டோக்கியோவின் ஷின்-ஒகுபோ நிலையத்தில் போதையில் ஒருவர் தண்டவாளத்தில் விழுந்தார். லீ சூ-ஹியுன் என்ற கொரிய மாணவரும் ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரரும் அவரைக் காப்பாற்றக் குதித்தார்கள். மூன்று பேருமே இறந்தார்கள். அந்த மாணவரை இன்றும் இரு நாடுகளிலும் நினைவுகூர்கிறார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஜப்பானிய நிலையங்களில் நடைமேடையிலேயே அவசர நிறுத்தப் பொத்தான்களும், விழுந்தவர் ஒதுங்கிக்கொள்ள நடைமேடைக்கு அடியில் இடமும் பரவலாக வந்தன. ஆகவே செய்ய வேண்டியது: பொத்தானை அழுத்துங்கள், ஊழியரைக் கத்திக் கூப்பிடுங்கள், ரயில் வரும் பக்கம் ஓடி இரு கைகளையும் ஆட்டி ஓட்டுநரின் கண்ணில் படுங்கள். முழு வேகத்தில் வருகிற ரயில் நிற்க நூற்றுக்கணக்கான மீட்டர் பிடிக்கும், அதனால் நீங்கள் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு நொடிக்கும் மதிப்பு உண்டு. தங்கை தினமும் நிற்கிற நடைமேடையில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைக்கட்டும். விழுந்தவர் நாமாகவே இருந்தால், முதலில் உரக்கக் கத்த வேண்டும், பிறகு நடைமேடைக்கு அடியில் குழிவான இடம் இருக்கிறதா என்று பார்த்து அதற்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் ரயில் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, நடைமேடையின் முடிவை நோக்கி ஓட வேண்டும். நடைமேடைக் கடைசியில் பெரும்பாலும் படி இருக்கும்.

நடைமேடைக்கே கண்ணாடிக் கதவு போட்டுவிட்டால் இந்தக் கவலையெல்லாம் பாதி போய்விடும். 1961ல் லெனின்கிராட் மெட்ரோவின் பார்க் போபெதி நிலையத்திலேயே அப்படிக் கதவு வந்துவிட்டது. இன்னும் எத்தனையோ ஊர்களில் வரவில்லை என்பது பணப் பிரச்சினை.

கதவைப் பற்றி. மூடுகிற கதவில் கையையோ பையையோ நுழைத்துத் திறக்க வைக்கிற பழக்கம் லிஃப்ட்டிலிருந்து வந்தது. ரயில் கதவு லிஃப்ட் கதவு அல்ல. அதன் சென்சார் கையைக் கண்டுபிடிக்கும், பையின் மெல்லிய வாரையோ கழுத்துத் துணியின் நுனியையோ கண்டுபிடிக்காமல் போகலாம். துணி உள்ளே, ஆள் வெளியே, ரயில் நகர்கிறது என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. அடுத்த வண்டி வரும். கதவே இல்லாத, அல்லது திறந்தே ஓடுகிற வண்டியானால், காற்றுக்காகப் படியில் நின்றுகொண்டு போக வேண்டாம். தூணுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிடக் குறைவு.

குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். ஏறும்போதும் இறங்கும்போதும் கையைப் பிடித்திருங்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவு மூடிப் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று குழந்தைக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. "நீ வெளியே நின்னுட்டா அங்கேயே நில்லு, நான் திரும்பி வருவேன். நீ மட்டும் ரயிலுக்குள்ள மாட்டிக்கிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நில்லு, நான் அடுத்த ரயில்ல வருவேன்." இவ்வளவுதான். இது தெரியாத குழந்தையும் பெற்றோரும் எதிரெதிர் ரயிலில் ஏறி இரண்டு மணி நேரம் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜேப்படி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பாக்கெட்டில் பணம் வைக்காதே, கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள், ஜிப் உடல் பக்கம் இருக்கட்டும். இரண்டு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. போனைப் பறிக்கிறவர் கதவு மூடுகிற நொடிக்காகக் காத்திருப்பார், பறித்ததும் அவர் வெளியே, நீங்கள் உள்ளே. ஆகவே கதவை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் ரயில் நிற்கும்போது போனை மடிக்கு இறக்கிவிடுங்கள். இன்னொன்று, "ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை" என்ற பலகையைப் படித்ததும் எல்லோர் கையும் தன்னை அறியாமல் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். பக்கத்தில் நிற்கிற திருடனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பலகையைப் பார்த்தால் கையைச் சும்மா வைத்திருங்கள்.

இப்போது தங்கையின் இரவுப் பயணம்.

ஸ்டாப்பிலும் நடைமேடையிலும் காத்திருக்கிற நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. வண்டி எப்போது வரும் என்று போனில் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குள்ளேயே காத்திருந்து, சரியான நேரத்துக்குக் கிளம்பலாம். நேரம் போனால் போகட்டும் என்று, வெளிச்சமும் ஆட்களும் உள்ள ஸ்டாப்பைத் தேர்ந்தெடுப்பது குறுக்கு வழியைவிட நல்லது. டொரொன்டோ சுரங்க ரயில் நிலையங்களில் இதற்கென்றே நடைமேடையில் ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம், கேமரா, ஊழியரோடு பேச இன்டர்காம், எல்லாம் அந்த ஒரே இடத்தில். அப்படிக் குறித்து வைக்காத நிலையத்திலும் நாமே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்: கேமரா எங்கே, ஊழியர் அறை எங்கே, விளக்கு எது எரிகிறது.

ஆளில்லாத பெட்டியில் ஏற வேண்டாம். மற்ற பெட்டிகளில் கூட்டம் இருக்க ஒன்று மட்டும் காலியாக இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். ஏசி வேலை செய்யாததாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பஸ்ஸானால் டிரைவர் பக்கம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் வருகிறவர் வழியை அடைத்துவிடுவார். இரவில் நடைவழி ஓர சீட்டு எழுந்து போக வசதி.

அடுத்து, இறங்கிய பிறகு நடக்கிற தூரம். உண்மையில் இரவுப் பயணத்தில் பயம் இருப்பது இங்கேதான், வண்டிக்குள் அல்ல. டொரொன்டோவில் 1991லிருந்தும் மான்ட்ரியலில் 1996லிருந்தும் ஒரு ஏற்பாடு உண்டு. இரவில் பஸ்ஸில் வருகிற பெண், இரண்டு ஸ்டாப்புக்கு நடுவே தன் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற இடத்தில் இறக்கிவிடக் கேட்கலாம். அந்த ஊர்ப் பெண்கள் கேட்டுப் போராடிப் பெற்றது அது. பிறகு பல ஊர்களில் பரவியது. தங்கை போகிற பஸ்ஸில் அப்படி விதி இல்லாவிட்டாலும் டிரைவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நீங்களோ வேறு யாரோ ஸ்டாப்புக்குப் போய் நிற்க முடிந்தால், அது எந்தக் கருவியையும்விட மேலான பாதுகாப்பு. முடியாத நாளில், யாரோ பின்தொடர்கிறார் என்று தோன்றினால் வீட்டுக்குப் போகக் கூடாது. வீடு எது என்று காட்டிக்கொடுத்துவிடுவோம். திறந்திருக்கிற கடை, மருத்துவமனை வாசல், ஆள் நிற்கிற இடம் என்று பார்த்துத் திரும்ப வேண்டும்.

போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைப் பார்க்கிறவர் ஒருவர் விழித்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஐந்து பேருக்குப் பகிர்ந்து, ஐந்து பேரும் மற்றவர் பார்ப்பார் என்று தூங்கிவிடுவதைவிட, ஒருவர் பொறுப்பேற்பது மேல். போனில் சார்ஜ் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது, அதனால் ஒரு சின்ன பவர் பேங்க். காதில் இயர்போன் ஒன்று போதும், இரவில் மற்றக் காது திறந்திருக்கட்டும்.

கூட்டத்தில் உரசுவது, தொடுவது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனால்தான் அது நடக்கும்போது பெண்கள் உறைந்து நிற்கிறார்கள். உறைந்துபோவது பலவீனமோ சம்மதமோ அல்ல, உடம்பு அப்படித்தான் செய்யும் என்று தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அதைச் சொல்லச் சங்கடப்பட்டால் இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். தற்செயலா, வேண்டுமென்றா என்று சந்தேகமாக இருந்தால் இடம் மாறிப் பார்க்கலாம். தற்செயலாக இருந்தவர் அங்கேயே நிற்பார், மற்றவர் கூடவே நகர்வார். சந்தேகம் தீர்ந்துவிட்டால் குரல். திட்ட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். நடக்கிறதை அப்படியே சொன்னால் போதும்: "என் மேலே இருந்து கையை எடுங்க!" அதில் இரண்டு லாபம். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும், காதலர் சண்டை என்று நினைத்து ஒதுங்கமாட்டார்கள். அவனுக்கோ, இருட்டில் செய்ததை யாரோ விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். குரல் எழுப்புவது ஆபத்து என்று தோன்றினால், எதுவும் சொல்லாமல் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டி ஏறுவதும் முழுக்கச் சரியான முடிவு.

புகார் கொடுக்க நினைத்தால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். கேமராப் பதிவுகள் என்றைக்கும் இருக்காது, சில நாட்களோ வாரங்களோ கழித்து அதன்மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். "நேற்று சாயங்காலம் ரயிலில்" என்றால் எங்களால் தேட முடியாது. பெட்டி எண் (பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கும்), எந்த நிலையங்களுக்கு நடுவே, மணி என்ன, அவன் என்ன நிறச் சட்டை: இந்த நாலும் இருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். போனில் தனக்குத்தானே ஒரு மெசேஜ் அனுப்பிக்கொண்டால் மணியும் பதிவாகிவிடும்.

யாரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அவ்வளவு உண்மையில்லை. 2019ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களில் பொது இடங்களில் நடந்த 219 தகராறுகளின் கேமராப் பதிவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில், குறைந்தது ஒருவராவது குறுக்கே வந்து ஏதாவது செய்திருக்கிறார். என் திரைகளிலும் அப்படித்தான். வருபவர் பெரும்பாலும் சண்டைக்காரர் இல்லை. ஒருமுறை, தொந்தரவுக்கு ஆளான ஒரு பெண்ணிடம் நடுவயதுப் பெண் ஒருவர் வந்து, "ஏம்மா, எவ்வளவு நாளாச்சு பார்த்து!" என்று தெரிந்தவர்போலப் பேச ஆரம்பித்து, அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தொந்தரவு செய்தவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாம் பார்க்கிற பக்கம் நிற்கும்போது இதைத்தான் செய்ய வேண்டும். உதவி கேட்கிறவரோ, "யாராவது உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்: "நீலச் சட்டை அண்ணா, கொஞ்சம் டிரைவரைக் கூப்பிடுங்க."

ஆனால் ஆபத்து என்னவென்றே தெளிவாகத் தெரியாதபோது கூட்டம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1968ல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். கூட இரண்டு பேர் ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தபோது சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் பயப்படலாமா என்று முடிவெடுக்கிறோம், அவரும் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தென்கொரியாவின் தேகு நகரச் சுரங்க ரயிலில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவர் பெட்டிக்குள் தீ வைத்தார். எதிர்ப்பாதையில் வந்த இன்னொரு ரயில் அதே நிலையத்தில், எரிகிற ரயிலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. உள்ளேயே இருக்கும்படி அறிவிப்பு வந்தது. பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்த ரயிலின் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேற, கதவுகள் மூடிய நிலையிலேயே நின்றுவிட்டன. மொத்தம் 192 பேர் இறந்தார்கள். கதவைக் கையால் திறக்கிற வழி பெட்டியிலேயே இருந்தது, அது எங்கே என்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

ஆகவே, சுரங்கத்தில் ரயில் சும்மா நின்றால் உள்ளேயே இருங்கள். வெளியே மின்சாரத் தண்டவாளமும் எதிர் ரயிலும் இருக்கின்றன. பெட்டிக்குள் புகை வந்தால் அடுத்த பெட்டிக்கு நகருங்கள், அவசர இன்டர்காமில் சொல்லுங்கள். ஆனால் நிலையத்தில் நிற்கிற ரயிலில் புகை வந்தால், யார் உட்கார்ந்திருந்தாலும், எந்த அறிவிப்பு வந்தாலும் இறங்கி மேலே போய்விட வேண்டும். அறிவிப்பு செய்கிறவர்களின் அறையில் இருந்தவன் சொல்கிறேன்: சில நேரம் புகை எங்களுக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரியும்.

புகை எந்தப் பக்கம் போகும் என்பதும் முக்கியம். ஆஸ்திரியாவின் கப்ரூனில் 2000 நவம்பர் 11 அன்று மலைச்சுரங்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ரயிலின் கீழ்முனையில் தீப்பிடித்தது. பயணிகளில் பெரும்பாலோர் தீயிலிருந்து விலகி மேல்நோக்கி ஏறினார்கள். புகையும் மேல்நோக்கித்தான் ஏறியது. 155 பேர் இறந்தார்கள். ரயிலிலிருந்து உயிர் தப்பிய 12 பேர் கீழ்நோக்கி, தீயைத் தாண்டி இறங்கியவர்கள். அவர்களில் ஒரு தன்னார்வத் தீயணைப்பு வீரர் இருந்தார், அவர் சொன்ன வழி அது. சாய்வான சுரங்கத்தில் புகைக்கு அது புகைபோக்கி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாய்வில்லாத சமதளமான இடத்தில் குனிந்து, தரையோடு தரையாகப் போக வேண்டும். அங்கேதான் கொஞ்சம் நல்ல காற்று மிச்சம் இருக்கும்.

பஸ்ஸில் கண்ணாடி உடைக்கிற சுத்தியல் இருந்தால், அடிக்க வேண்டியது பக்கத்து ஜன்னலின் மூலையில். நடுவில் அடித்தால் வளைந்து கொடுக்கும். முன்பக்கப் பெரிய கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, விரிசல்தான் விடும். மின்கம்பி அறுந்து பஸ் மேல் விழுந்திருந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால், பஸ்ஸையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒட்டி ஒட்டி நகர்ந்து விலக வேண்டும். அடி எடுத்து வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் ஓடும்.

இவ்வளவையும் படித்துக்காட்டினால் தங்கை "அண்ணா, நான் வேலைக்கே போகவில்லை" என்பாள். அதனால் படித்துக்காட்டாதீர்கள். வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒருநாள், அவள் திரும்பி வரப்போகிற அதே நேரத்தில், அதே வழியில் இருவரும் ஒருமுறை போய் வாருங்கள். அவள் முன்னால் போகட்டும், நீங்கள் வழி சொல்லாதீர்கள். எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம், பொத்தான் எங்கே, எந்தக் கடை பத்து மணிக்குத் திறந்திருக்கிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று அவளே கண்டுபிடிப்பாள். எரியாத விளக்கைப் பற்றி மறுநாள் போய்ப் புகார் கொடுக்கிற வேலை உங்களுடையது. அப்பாவோடு ஒருநாள் பகலில் பஸ்ஸில் போய்வாருங்கள். அவர் இறங்கும்போது எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பை அந்தத் தோளில் இருந்தால் மறுதோளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.